நைட் ஃப்யூரி மனிதரோடு பழகும் விதம்: டூத்லெஸ்ஸின் குணமும் பழக்கமும் (மூன்று படங்களின் கதையும் பேசப்படுகிறது)

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்தை 2025-ல் நடிகர்களை வைத்து மறுபடி எடுத்த பிறகு, அதில் வரும் நைட் ஃப்யூரி இன டிராகன் டூத்லெஸ்ஸை "சிறகு முளைத்த நாய்க்குட்டி" என்று எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை. பாசமான பிராணி என்பதில் சந்தேகம் கிடையாது. அந்தப் பாசம் எந்த வழியாக வருகிறது என்பதில்தான் பிரச்சினை. அதைப் பேசத்தான் இந்த இழை.

2010-ல் வந்த முதல் 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்தில் பாறைகள் சூழ்ந்த அந்தக் குளத்தங்கரைக் காட்சியை வரிசையாக நினைத்துப் பாருங்கள். ஹிக்கப் என்ற வைக்கிங் பையன் மீனோடு வருகிறான். அவனிடம் கத்தி இருக்கிறது. டூத்லெஸ்ஸுக்குப் பசி, ஆனாலும் கத்தியைக் கண்டதும் பின்வாங்கி உறுமுகிறது. அவன் கத்தியைத் தண்ணீரில் எறிந்த பிறகே முகம் மாறிக் கிட்டே வருகிறது. மீனை வாங்கி விழுங்குகிறது. அப்புறம் பாதி மீனைக் கக்கி அவன் மடியில் போட்டுவிட்டு, அவன் அதைத் தின்னும் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. அவன் சிரித்ததும் தானும் உதட்டை இழுத்துச் சிரித்துப் பார்க்கிறது. சரி, இனி தொடலாம் என்று அவன் கையை நீட்டினால் உறுமிவிட்டு எழுந்து போய்விடுகிறது!

என்னை யோசிக்க வைத்த இடம் இதுதான். சாப்பாட்டைப் பங்கு போட்ட பிறகும் தொட விடவில்லை. தள்ளிப் போய், தரையை நெருப்பால் வட்டமாகச் சுட்டுச் சூடாக்கி, அதில் சுருண்டு படுக்கிறது. அவன் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் வாலைக் கொண்டுவந்து முகத்தை மறைத்துக்கொள்கிறது. சாயங்காலம் அவன் மணலில் அதன் உருவத்தை வரைகிறான். அதைப் பார்த்துவிட்டு அதுவும் ஒரு மரக்கிளையைக் கவ்வி வந்து மணல் முழுக்கக் கோடு இழுக்கிறது. அவன் கோட்டை மிதித்தால் உறுமல், காலை எடுத்தால் சாந்தம். கோடு எதையும் மிதிக்காமல் அவன் சுற்றிச் சுற்றி நடந்து அதன் முன்னால் வந்து நிற்கிறான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறான். மூக்கைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைப்பது டூத்லெஸ்.

கடைசி ஒரு சாண் தூரத்தைக் கடந்தது டிராகன்தான், பையன் இல்லை. நைட் ஃப்யூரி நட்பான இனம், ஆனால் யார் எவ்வளவு கிட்டே வரலாம் என்பதை அதுவே முடிவு செய்யும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

பூனைக்காரி

நெய்தல் அண்ணா, நீங்கள் சொன்ன அத்தனையும் பூனை! எங்கள் வீட்டில் நாலு பூனைகள், எல்லாம் தெருவிலிருந்து வந்தவை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டும் அந்த இடம் எனக்கு உடனே பிடிபட்டது. புதுப் பூனையின் கண்ணையே உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்ளும். பார்வையை விலக்கி, கையைத் தாழ வைத்துக் காத்திருந்தால் அதுவாக வந்து மூக்கை வைக்கும். 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டும் மனிதரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வருகின்றன என்று காட்டினார்கள். அறிமுகமில்லாத ஆள் சிமிட்டினாலும் அப்படித்தான்.

படம் முழுக்க இந்த மாதிரி இருக்கிறது. ஹிக்கப்பின் கருவியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சப் புள்ளியைத் துரத்துகிறது. தாடைக்கு அடியில் சரியான இடத்தில் சொறிந்தால் அப்படியே சரிந்து விழுகிறது. ஒரு வகைப் புல்லில் புரண்டு மயங்குகிறது. அந்தப் புல் விஷயம் பூனைப்புதினாவேதான். அதில் இருக்கும் நெப்பட்டலாக்டோன் என்ற வேதிப்பொருள் பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் மயக்கும், மற்றவை கண்டுகொள்ளாது. நம் பக்கம் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள், பூனைகள் வந்து புரளும். பூனைவணங்கி என்றே அந்தச் செடிக்கு இன்னொரு பெயர் உண்டு. ஜப்பானில் 2021-ல் செய்த ஆய்வில், இந்த மாதிரி இலைகளில் புரளும் பூனையைக் கொசு குறைவாக மொய்க்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதாவது வெறும் போதைக்காக மட்டும் அது புரள்வதில்லை. டிராகனுக்கும் அந்தப் புல்லால் ஏதாவது பயன் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். செதிலிடுக்கில் ஒட்டும் பூச்சி எதையாவது விரட்டலாம்.

சிறகன்

ஆரம்பக் காட்சிகளை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். நம்பிக்கை வந்த பிறகு அது எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

பயிற்சிக் களத்தில் ஹிக்கப் அலறுவது தூரத்தில் கேட்கிறது. ஒரு பக்க வால்துடுப்பு போய்விட்டதால் டூத்லெஸ்ஸால் தனியாகப் பறக்க முடியாது. அப்படியும் பாறையில் தொற்றி ஏறி, காட்டில் ஓடி, ஆயுதம் ஏந்திய ஊர் முழுக்க நிற்கும் இடத்துக்குள் வந்து குதிக்கிறது. எந்தப் பூனை இதைச் செய்யும்? அங்கே ஹிக்கப்பின் அப்பா ஸ்டாயிக்கைக் கீழே தள்ளி நெருப்பைக் கக்கப் போகும் நேரத்தில் ஹிக்கப் "வேண்டாம்" என்று கத்தியதும் வாய்க்குள் வந்த நெருப்பை விழுங்கிக்கொள்கிறது. அடுத்த வருடம், 2011-ல் வந்த பனிக்காலக் குறும்படத்தில், தானாக விரிந்து மடங்கும் செயற்கை வால்துடுப்பை ஹிக்கப் செய்து கொடுக்கிறான். இனி அவன் முதுகில் இல்லாமலே எங்கே வேண்டுமானாலும் போகலாம். போகிறது, திரும்பி வருகிறது, அந்தப் புது வாலை அடித்து உடைத்துவிட்டு, அவன் மிதித்தால் மட்டும் விரியும் பழைய துடுப்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் போடுகிறது.

இது நாயின் விசுவாசம். ஒருவேளை அதற்கும் மேலே.

நெய்தல்

சிறகன், அந்தக் குறும்படத்தை நீங்கள் எடுத்தது எனக்குச் சந்தோஷம், அது என் பக்கத்துக்கும் சாட்சி சொல்லும். கதவைத் திறந்து விட்டதற்கு அப்புறம் திரும்பி வந்திருக்கிறது. கட்டாயத்தில் இருந்த வரைக்கும் அது அன்பா, வேறு வழியில்லாததா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. நாய்க்கு இந்தக் கேள்வியே எழாது. பல ஆயிரம் வருடமாக மனிதனோடு வாழ்ந்து அதன் உடம்பே மாறியிருக்கிறது. நைட் ஃப்யூரிக்கு அப்படி எந்தப் பரம்பரையும் இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக ஒரு மனிதனைப் பக்கத்தில் பார்த்து, அங்கேயே முடிவெடுத்தது.

மேற்குமலை

வௌவால் பக்கமும் கொஞ்சம் திரும்புங்கள். குளத்தங்கரையில் டூத்லெஸ் வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கித் தூங்கும் ஒரு காட்சி வரும். தோற்றத்துக்காக வைத்தது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த மீனைக் கக்கிக் கொடுத்ததோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

ஜெரால்ட் வில்கின்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் கோஸ்டா ரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால்களைக் கவனித்து 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த வௌவாலுக்கு இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். அதனால் வயிறு நிறைந்த ஒன்று, பட்டினியோடு திரும்பிய கூட்டாளிக்குத் தான் குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. ரத்த உறவு இல்லாவிட்டாலும் அடிக்கடி ஒரே இடத்தில் சேர்ந்து தங்கிப் பழகிய கூட்டாளிக்கும் கொடுக்கிறது. இன்றைக்கு நான், நாளைக்கு நீ.

ஓநாயும் நாயும் கக்கிக் கொடுப்பது குட்டிகளுக்கு. டூத்லெஸ் ஹிக்கப்பைக் குட்டியாக நினைத்ததா, சமமான கூட்டாளியாக நினைத்ததா? அவன் தின்கிறானா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருப்பதால் இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. கொடுத்ததை ஏற்றுக்கொண்டால்தான் கணக்குத் தொடங்கும். அவன் பச்சை மீனை முகம் சுளிக்காமல் விழுங்கியது அந்தக் கதையில் பெரிய காரியம்.

இன்னொன்று, மணல் ஓவியம். ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவுக் கடலடியில் ஒரு பேத்தை மீன் இருக்கிறது. ஒரு சாண்கூட நீளம் வராத ஆண் மீன், துடுப்பால் மணலைக் கீறிக் கீறி ஏறக்குறைய 2 மீட்டர் அகல வட்டக் கோலம் போடும். பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால் நடுவில் முட்டையிடும். முக்குளிப்பவர்கள் அந்த வட்டங்களை 1995-லேயே பார்த்திருந்தாலும், அந்த மீனுக்கு அறிவியல் பெயர் 2014-ல்தான் வைத்தார்கள். நைட் ஃப்யூரி கோட்டை மிதித்தால் உறுமுவதை இதோடு வைத்துப் பாருங்கள். மூன்றாவது படத்தில் (2019) லைட் ஃப்யூரி என்ற வெள்ளைப் பெண் டிராகனுக்கு முன்னால் ஆட்டம் ஆடிப் பார்த்து, அது எடுபடாமல் போக, மணலில் அதன் உருவத்தையே வரைந்து காட்டுகிறது. வரைவது அந்த இனத்தின் உறவுமுறைப் பழக்கமாக இருந்தால், முதல் படத்தில் ஹிக்கப் விளையாட்டாக மணலில் கிறுக்கியது அதற்கு எப்பேர்ப்பட்ட செய்தியாகப் போயிருக்கும்!

பூனைக்காரி

மேற்குமலை, இதைப் படித்து எனக்குச் சிலிர்த்துவிட்டது. இனி அந்தக் காட்சியைப் பழைய மாதிரி பார்க்க முடியாது.

தூறல்

எல்லோரும் இனிமையான பக்கத்தையே பேசுகிறீர்கள். தலைமை டிராகன் விஷயத்தை யாரும் தொடவில்லை.

முதல் படத்தில் ரெட் டெத், மற்ற டிராகன்களை அடக்கி ஆளும் ராட்சத டிராகன். மற்ற டிராகன்கள் ஊரைக் கொள்ளையடித்து அதற்குத் தீனி கொண்டுபோய்ப் போடுகின்றன. குறைவாகக் கொண்டுவந்த கிரான்கிள் வகை டிராகன் ஒன்றை அதுவே எட்டிப் பிடித்து விழுங்குகிறது. படத்தில் ஹிக்கப்பின் தோழி ஆஸ்ட்ரிட் இதைத் தேன்கூட்டோடு ஒப்பிடுகிறாள். அந்த ஒப்பீடு சரியாக வராது என்பது என் கருத்து. தேனீக் கூட்டில் ராணி யாரையும் மிரட்டுவதில்லை. வேலைக்கார ஈக்கள் அதன் மகள்கள், ராணிக்கு ஊட்டுவது தங்கள் குடும்பத்துக்கே ஊட்டுவது. ரெட் டெத் செய்வது வழிப்பறி. அதை நீக்கிவிட்டால் கொள்ளையும் நின்றுபோகிறது, படத்தின் முடிவில் பாருங்கள். ஆக, மனிதரோடு சண்டை அந்த டிராகன்களின் குணத்தில் இல்லை. அது மேலிருந்து வந்த பயம்.

இதுவரை நெய்தல் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இரண்டாவது படம் (2014) இருக்கிறதே. மற்ற டிராகன்களைக் கட்டுப்படுத்தும் பெவில்டர்பீஸ்ட் என்ற ராட்சத டிராகன் ஒரு குரல் கொடுத்ததும் டூத்லெஸ்ஸின் கண்மணி ஊசியாகச் சுருங்குகிறது, யாரை நேசித்ததோ அந்த ஹிக்கப்பையே குறி வைக்கிறது, குறுக்கே விழுந்த ஸ்டாயிக் இறந்துபோகிறார். தூரத்தைத் தானே முடிவு செய்யும் பிராணி என்கிறீர்கள். அந்த நிமிடத்தில் அதன் முடிவு எங்கே போனது?

சிறகன்

நான் கேட்க நினைத்த கேள்வி. தலைவன் சொன்னால் கேட்டே ஆக வேண்டும் என்றால் அது கூட்டத்தோடு போகும் ஓநாய் வம்சம். ஹிக்கப்பையும் தன் தலைவனாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மேற்குமலை

ஓநாய் விஷயத்தில் ஒரு திருத்தம் தேவை. "ஆல்பா", அதாவது கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன், என்ற கருத்தைப் பரப்பியதில் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பெரும்பாலும் கூண்டில் அடைத்து வைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து வந்த கருத்து. அதே மெக், காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் கவனித்துவிட்டு 1999-ல் வேறு மாதிரி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். சண்டை போட்டு ஜெயித்த தளபதி யாரும் அங்கே இல்லை, பெற்றோர் முன்னே போகப் பிள்ளைகள் பின்னே போகின்றன. ஆகவே பெவில்டர்பீஸ்ட் காட்டும் அதிகாரத்துக்கு ஓநாயில் ஆதாரம் தேட முடியாது.

தூறலின் கேள்விக்குப் பதில் அதே படத்தில் இருக்கிறது. குட்டி டிராகன்கள் அந்தக் குரலுக்குக் கட்டுப்படவில்லை. ஹிக்கப்பும் கூட்டாளிகளும் ஊருக்குத் திரும்ப அந்தக் குட்டிகள் மேல்தான் ஏறிப் பறக்கிறார்கள். பிறவியிலேயே வந்த கீழ்ப்படிதல் என்றால் குட்டிக்கும் இருக்க வேண்டும். ஆக அது வளரும்போது மேலே ஏறிக்கொள்கிற ஒன்று. ஏறியது இறங்கவும் செய்யும். ஹிக்கப் அதன் முகத்துக்கு நேராகப் பறந்து பேசப் பேச, டூத்லெஸ் உள்ளுக்குள் போராடி வெளியே வருகிறது. பின்பு அவனைப் பனிக்கட்டிக்குள் மூடிய பெவில்டர்பீஸ்ட்டை எதிர்த்து, முதுகெல்லாம் நீல ஒளியோடு நிற்கிறது. மற்ற டிராகன்களும் அப்போது பக்கம் மாறுகின்றன.

தூறல்

குட்டிகளை நான் யோசிக்கவில்லை. நல்ல வாதம். என்றாலும் ஸ்டாயிக்கின் சாவு எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கும். பிரியமான பிராணியிடமும் அதன் பலத்தை மறக்கக் கூடாது என்று அந்தக் காட்சி சொல்வதாக எடுத்துக்கொள்கிறேன்.

குட்டித்திமிங்கலம்

எனக்கு இந்த இனத்திடம் பிடித்தது அதன் உடம்பு. இடது வால்துடுப்பு போனதும் பறக்கவே முடியவில்லை, ஏனென்றால் திருப்பமும் சமநிலையும் அந்தத் துடுப்பில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஹிக்கப் தோலும் கம்பியும் வைத்து ஒன்று செய்கிறான். முதல் தடவை அது ஒத்துழைக்கவில்லை, சுருங்கிப் போகிறது. சேணம், மிதி, இடுப்பில் கொக்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் சரிவருகிறது.

இதெல்லாம் கற்பனைதானே என்று நினைப்பவர்களுக்காக: 2005 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நண்டுப் பொறிக் கயிற்றில் சிக்கி வால் இழந்த ஒரு குட்டி டால்ஃபினைக் காப்பாற்றினார்கள். வின்டர் என்று பெயர் வைத்தார்கள். வால் இல்லாமல் மீன் மாதிரி பக்கவாட்டில் அசைந்து நீந்தியதால் முதுகெலும்பு வளையத் தொடங்கியது. அதனால் சிலிகோன் உறையோடு செயற்கை வால் செய்து மாட்டிப் பழக்கினார்கள். 2021 நவம்பர் வரை வாழ்ந்தது. அந்த வாலைப் பொருத்த விட்டதற்கும் டூத்லெஸ் சேணத்தை ஏற்றதற்கும் நடுவில் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. வலித்த இடத்தைத் தொட ஒருவரை அனுமதிப்பது சின்ன விஷயம் இல்லை.

முடிவில் ஹிக்கப்புக்கும் இடது கால் போகிறது. அதற்கு அப்புறம் மிதியில் பொருந்துவது அவனுடைய செயற்கைக் கால். ஒருவர் இல்லாமல் மற்றவர் பறக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

வேலூர்க்காரன்

இந்தப் பக்கம் புதிதாக வந்தவன். என் பையன் ஒரே கேள்வியாகக் கேட்கிறான், டூத்லெஸ்ஸின் பல் எங்கே போகிறது என்று. அக்காமார் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

மேற்குமலை

ஈறுக்குள் இழுத்துக்கொள்ளும். மீனைக் கவ்வும்போது வெளியே வரும். தம்பிக்குக் கண்ணாடி விரியனைச் சொல்லுங்கள், அதன் நச்சுப் பல் வாய் மூடியிருக்கும்போது மேலண்ணத்தோடு மடிந்து கிடக்கும், கடிக்கும்போது நிமிரும். டூத்லெஸ்ஸுக்கு முழு வரிசையும் உள்ளே போகிறது என்பது மட்டும் வித்தியாசம். பூனையின் நகமும் உள்ளே இருப்பதால்தான் கூர் மழுங்காமல் இருக்கிறது.

பூனைக்காரி

நட்புக்கும் அது உதவுகிறது, கவனித்தீர்களா? பல்லை உள்ளே வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் எதிரே இருப்பவருக்குப் பயமில்லை. அது சிரித்துக் காட்டியபோதும் வெறும் ஈறுதான் தெரிந்தது.

சிறகன்

நாவல் பற்றியும் ஒரு வரி. 2003-ல் கிரெசிடா கௌவெல் எழுதிய மூலக்கதையில் டூத்லெஸ் சின்னஞ்சிறு டிராகன். பெரிய கறுப்பு நைட் ஃப்யூரியாக மாற்றியது படம் எடுத்தவர்கள். அங்கே டிராகன்களோடு பேச ஒரு மொழியே உண்டு, ஹிக்கப்புக்கு அது தெரியும். படத்தில் மொழி கிடையாது. பேச்சு இல்லாமல் கண், காது, உடம்பு, உறுமல் இவற்றாலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவந்ததால்தான் நாம் இவ்வளவு நேரம் அதன் நடத்தையைப் பிரித்துப் பேச முடிகிறது. எனக்குப் படத்தின் வழி பிடித்திருக்கிறது.

நெய்தல்

மூன்றாவது படத்துக்கு வருகிறேன், சிறகன் அதைத்தான் கடைசியில் கேட்பார் என்று தெரியும். ஹிக்கப் மறுபடி தானியங்கி வால் செய்து கொடுக்கிறான். முன்பு அதே மாதிரி வாலை உடைத்த டூத்லெஸ் இந்தத் தடவை ஏற்றுக்கொண்டு லைட் ஃப்யூரியோடு போகிறது. பிறகு டிராகன்கள் எல்லாமே மனிதரை விட்டுப் போய்விடுகின்றன. நிறையப் பேர் இதைத் துரோகம் என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதலில் அது வாலை உடைத்தபோது அதற்குத் தன் இனத்தில் வேறு யாரையும் தெரியாது. அப்போது ஹிக்கப்தான் முழு உலகம். இப்போது இன்னொரு உயிர் வந்திருக்கிறது, அதுவும் மனிதரைக் கண்டால் சுடுகிற, நெருப்பை ஊதி அதற்குள் பாய்ந்து கண்ணிலிருந்து மறைந்துவிடுகிற உயிர். லைட் ஃப்யூரியின் அச்சம் நியாயமானது, டிராகன்களை வேட்டையாடுகிறவர்கள் கடல் முழுக்க இருக்கிறார்கள். டூத்லெஸ் அதன் பக்கம் போய் நின்றது.

வருடங்கள் கழித்து ஹிக்கப் கடலில் படகோட்டிப் போய்ச் சந்திக்கும்போது டூத்லெஸ்ஸுக்கு மூன்று குட்டிகள். தாடி வளர்ந்த அவனை அதற்கு அடையாளம் தெரியவில்லை, குட்டிகளுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கிறது. அவன் ஓடவில்லை, கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மோப்பம் பிடித்ததும் தெரிந்துபோகிறது. இத்தனை வருடம் கழித்தும் தூரத்தை அதனிடமே விட்டுவிட அவனுக்கு நினைவிருக்கிறதே, அதுதான் எனக்குக் கண் கலங்கிய இடம்.

சிறகன்

நாய் என்று நான் சொன்னதை இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் நாய் தன் குட்டிகளோடு காட்டுக்குத் திரும்பிப் போகாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

தூறல்

ஒரு சின்னக் கவனிப்பு, யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். முதல் படத்தின் தொடக்கத்தில் இரவில் ஊர் எரிகிறது. மற்ற டிராகன்கள் ஆட்டைத் தூக்குகின்றன, மீனைத் தூக்குகின்றன. நைட் ஃப்யூரி உணவு திருடாது, முகம் காட்டாது, குறி தப்பாது என்று ஹிக்கப்பே சொல்கிறான். அது அடிப்பது கவண் கோபுரங்களை. ரெட் டெத்துக்குத் தீனி கொண்டுபோகாமலே அது எப்படிப் பிழைத்தது என்று யோசித்திருக்கிறேன்.

மேற்குமலை

நானும் இப்போது அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சரிதான், கவண்கள் மேல்தான் குறி. ஆட்டை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் பறக்கும் கிரான்கிளைக் கவணால் சுலபமாக அடித்துவிடலாம். மேலே இருந்து கவணை முதலில் உடைத்துவிட்டால் மற்றவை வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். அந்தக் கூட்டத்தில் அதற்கு ஒதுக்கிய வேலை காவல் என்று எடுத்துக்கொண்டால் பங்கு கிடைப்பதும் புரிகிறது. குளத்தங்கரையில் கேட்காமலே பாதி மீனைக் கக்கிக் கொடுத்த பழக்கமும் அங்கிருந்தே வந்திருக்கலாம்.